சங்கத் தலைவி சிரித்துவிட்டாள்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, தம்பி, அவன் பெண்டாட்டி, பிள்ளைகள் மூன்று பேர், ஆடு எல்லாரும் நல்ல சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும், உன் கடைவாய்ப்பல் பிடுங்கின இடமும் சுகமாக இருக்க வேண்டும். இத்தனை வருஷம் கழித்துப் பல்லை எதற்கு விசாரிக்கிறாள் என்று நினைப்பாய், காரணம் இருக்கிறது, அதற்கு வருகிறேன், பிள்ளைகள் பெருமையைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். தம்பியின் மூத்தவள் ஓட்டப்பந்தயத்தில் மூன்றாவதாக வந்தாள். ஓடினதே மூன்று பேர்தான் என்று உன் தம்பி சொல்வான், அவன் பேச்சைக் கேட்காதே, முதலாவது வந்ததும் இரண்டாவது வந்ததும் நாக்கைத் தள்ளிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டன, நம் பிள்ளைக்கு வேர்க்கக்கூட இல்லை, கடைக்குப் போய் வந்த மாதிரி வந்து பரிசை வாங்கிக்கொண்டாள். நடுவுள்ளவன் பள்ளிக்கூட நாடகத்தில் தவளையாக நடித்தான். வசனம் கிடையாது, கல்மேல் உட்கார வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எப்படி உட்கார்ந்தான் தெரியுமா, நாடகம் முடிந்து விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டப் போகிறார்கள், இவன் கல்லை விட்டு இறங்கவில்லை. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு தவளைய நான் பாத்ததே இல்லைம்மா என்று வாத்தியாரே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கைக்குழந்தைக்கு முதல் பல் முளைத்தது. முளைத்த அன்றைக்கே, கன்னத்தைக் கிள்ள வந்த உரக்கடைக்காரரின் விரலைக் கடித்து வைத்தாள், ஆறி எத்தனையோ மாதம் ஆகியும் இன்னும் அவர் கட்டுப் போட்டுக்கொண்டுதான் திரிகிறார். உன் மகன் நீச்சலில் மெடல் வாங்கியதாகப் போனில் சொன்னாய். நான் இங்கே அவன் கடலில் நீந்தி ஜெயித்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன், யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல்லச் சொல், தொட்டியில் என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

இவர்கள் எல்லாரையும் விடப் பெரிய பெருமை உன்னுடையதுதான். போன கடிதத்தில், நீ நம் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தலைவியாகிவிட்டாய் என்று ஒரு வரி எழுதினேன். அதைப் படித்துவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டு, அம்மாவுக்குக் காய்ச்சலா, பிதற்றுகிறாளா என்று கேட்டாயாம். எனக்கு ஒரு காய்ச்சலும் இல்லை. நீ தலைவிதான், ஓர் அறுவடை முடிந்து அடுத்த அறுவடை வரப்போகிறது. தம்பி உன்னிடம் விவரமாகச் சொல்லியிருக்க மாட்டான், அவனுக்கு வெட்கம், அதனால் நானே எழுதுகிறேன், நிதானமாக உட்கார்ந்து படி. லிஃப்டுக்குள் நின்றுகொண்டு படிக்காதே.

சங்கம் எதற்கு வந்தது என்று உனக்குத் தெரியும். நீ இருந்த காலத்தில் நிலம் எப்படி இருந்தது, மண்வெட்டியைப் போட்டால் தகரத்தில் போட்ட மாதிரி டங்கென்று சத்தம் வரும். உரக்கடைக்காரர் கொடுத்த மூட்டையைக் கொட்டி, அவர் கொடுத்த விஷத்தை அடித்து, அவர் கொடுத்த விதையைப் போட்டு, விளைந்ததை அவர் மச்சான் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த மூட்டைக்கு அவரிடமே போய் நிற்போம். மண் பரிசோதிக்க வந்த அந்த உயரமான பொண்ணுதான் கண்ணைத் திறந்தாள். தனித்தனியா நின்னா ஒவ்வொருத்தரையா முழுங்கிடுவாங்கம்மா, ஒண்ணா நின்னா தொண்டையில சிக்கும் என்றாள். அந்த வார்த்தை எனக்குப் பிடித்தது. எல்லாரும் சேர்ந்து பழைய கொட்டகையை ஒழுங்கு பண்ணி, ஒரு பக்கம் எங்கள் விதை, ஒரு பக்கம் விளைந்தது, பின்னால் மக்கு உரக் குழிகள், ஒரே லாரியில் சந்தைக்கு, மதகுத் தண்ணீர் முறை வைத்து. எல்லாம் பேசி முடித்தாயிற்று. தலைவர் யார் என்பதில்தான் வந்தது வினை. மேட்டு நிலத்துக்காரர்கள் எல்லாம் உன் சித்தப்பா பக்கம், பள்ளத்து நிலத்துக்காரர்கள் எல்லாம் உன் மாமா பக்கம். என் கொழுந்தன் ஒரு பக்கம், என் கூடப்பிறந்தவன் ஒரு பக்கம், நடுவில் நான், இரண்டு கல்லுக்கு நடுவில் அகப்பட்ட பயறு மாதிரி. அவர்கள் இருவருக்கும் அந்த ஏணிச் சண்டை இன்னும் தீரவில்லை. சித்தப்பா ஏணியை இரவல் கொடுத்தார், மாமா திருப்பிக் கொடுக்கும்போது ஒரு படி குறைந்திருந்தது, வரும்போதே இல்லை என்று மாமா, இருந்தது என்று சித்தப்பா. இன்றைக்கு வரைக்கும் அந்த ஏணியில் இருவருமே ஏறுவதில்லை, சாட்சி கெட்டுவிடுமாம். சின்ன வயதில் அந்தச் சண்டையைக் கேட்டு வளர்ந்ததால்தான் நீ லிஃப்ட் ரிப்பேர் படித்தாய் என்று அப்பா சொல்வார்.

கடைசியில் ஒரு விதி எழுதினார்கள். தலைவராக வருகிறவருக்கு ஊரில் ஒருத்தரோடும் சண்டை இருக்கக் கூடாது. கேட்கும்போது நல்ல விதிதான். ஆள் தேடினபோதுதான் தெரிந்தது, ஊர் முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும் ஒருத்தர் தேறவில்லை. சாதுவென்று பேர் வாங்கின தையல்காரரைக் கேட்டால், கொல்லர் அவருக்கு எதிராகக் கையைத் தூக்குகிறார், சட்டையில் ஒரு கை நீளமாம். வாய் பேச முடியாத தோட்டக்காரர் மேல்கூட அவர் முறைத்துப் பார்த்தார் என்று புகார். யாரோ விளையாட்டுக்கு நம் கைக்குழந்தை பேரைச் சொன்னார்கள், உரக்கடைக்காரர் எழுந்து கட்டுப் போட்ட விரலைக் காட்டினார். அவர் எப்படிச் சங்கத்துக்குள் வந்தார் என்று கேட்பாய். கொட்டகைக்குப் பக்கத்தில் எலுமிச்சைச் செடி ஒன்று நிற்கிற அளவுக்கு ஒரு துண்டு நிலத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு, நானும் விவசாயிதான் என்று வந்து உட்கார்ந்துவிட்டார், விதிப்படி தடுக்க முடியவில்லை. எனக்கு இடுப்பு வலி, பொறுமை போய்விட்டது. உங்க லட்சணத்துக்கு ஊர்ல இல்லாத ஆளத்தான் தலைவரா வைக்கணும் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவ்வளவுதான். சித்தப்பா மாமாவைப் பார்க்கிறார், மாமா சித்தப்பாவைப் பார்க்கிறார், ஏணிக்குப் பிறகு முதல் தடவையாக. பெரியவ இருக்காளே என்றார் மாமா. நம்ம பெரியவளா, அவளுக்கு யாரோடவும் சண்டை இல்லையே, இருந்தாத்தானே சண்டை போட என்றார் சித்தப்பா. இரண்டு பக்கமும் கையைத் தூக்கினார்கள். நான் திட்டினதை ஒருத்தரும் திட்டாக எடுத்துக்கொள்ளவில்லை, யோசனையாக எடுத்துக்கொண்டார்கள்.

தலைவி நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்று அன்றைக்கே வீட்டுக்கு வந்து, சுவரில் இருந்த உன் போட்டோவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கம்பெனி அடையாள அட்டைக்காக எடுத்துப் பெரிது பண்ணி அனுப்பினாயே, அதுதான். புருவம் இரண்டும் முட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு, பார்க்கிறவன் என்ன தப்பு செய்தான் என்று தெரிந்துகொண்ட மாதிரி ஒரு முறைப்பு. அது கடைவாய்ப்பல் வலி என்று உனக்கும் எனக்கும் பல் பிடுங்கின டாக்டருக்கும்தான் தெரியும். சங்கத்தில் நான் மூச்சு விடவில்லை. கூட்டத்தில் உன்னை நாற்காலியில் வைத்து முன்னால் ஒரு டம்ளர் டீயும் வைப்பார்கள், கூட்டம் முடிந்ததும் அந்த டீயை உன் அப்பா குடிப்பார், தலைவியின் தகப்பன் என்ற முறையில். ஒரு நாள் புதிதாகச் சேர்ந்தவன் ஒருவன் போட்டோவுக்கு முன்னால் பூ வைக்க வந்தான். அடேய், என் பொண்ணு உசுரோட இருக்காடா, மூணு வேளையும் சாப்பிடுறாடா என்று துடைப்பத்தோடு போனேன், அதிலிருந்து ஒருவரும் பூவைக் கொண்டு கிட்டே வருவதில்லை. தீர்மானம் எப்படிப் போடுகிறார்கள் என்று கேள். யாருக்கு என்ன வேண்டுமோ அவர் நாற்காலிக்கு எதிரே வந்து நின்று, உன் கண்ணைப் பார்த்து, கேட்க வந்ததை முழுக்கக் கேட்டு முடிக்க வேண்டும். நடுவில் கண்ணைத் திருப்பாமல் முடித்துவிட்டால் அது நிறைவேறியது. திருப்பிவிட்டால் போய் உட்கார வேண்டியதுதான்.

சிரிக்காதே, அதுபோல ஒரு நியாயம் இந்த ஊரில் நடந்ததே இல்லை. திருட்டுத்தனமாக முட்டைக்கோசுக்கு விஷம் அடித்துவிட்டு, நம் சங்கத்துக் காய் என்று லாரியில் ஏற்ற வந்தார் கொல்லர், உன் எதிரே நின்று, அடிக்கவே இல்லைங்க என்று ஆரம்பித்தவர், நிறைய அடிக்கலைங்க என்று முடித்தார். மூட்டை வீட்டுக்குத் திரும்பியது. மக்கு உரக் குழியைக் கிளற முறை வரும்போது ஒருத்தருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும், ஒருத்தருக்கு உறவில் சாவு விழும், நீ நாற்காலியில் உட்கார்ந்த பிறகு செத்தவர்களே எழுந்து வந்து கிளறுவார்கள் போலிருந்தது, அத்தனை ஒழுங்கு. உன் தம்பி பெண்டாட்டிதான் குழிக்குப் பொறுப்பு, குழிக்குள் கையை விட்டுப் பார்த்து, வெந்துடுச்சு, இன்னும் வேகணும் என்று சொல்கிறாள், அடுப்பில் சோறு வேகும்போது அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. கோடைக்கு முன்னால் ஒரு விடியற்காலை உன் தம்பி, அம்மா, சீக்கிரம் வா என்று கத்தினான், பாம்பு கடித்துவிட்டதோ என்று பதறி ஓடினால், வெங்காயப் பாத்தியில் மண்டி போட்டு உட்கார்ந்திருக்கிறான், உள்ளங்கையில் ஒரு மண்புழு. அவன் வயதுக்கு அந்த நிலத்தில் அவன் பார்த்த முதல் மண்புழு. பிள்ளை பிறந்தபோதுகூட அவன் முகம் அப்படி இருந்ததில்லை, அவன் பெண்டாட்டி கடிதத்தைப் படிக்க மாட்டாள் என்பதால் எழுதுகிறேன். அதை வீட்டுக்கு எடுத்து வந்து எல்லாருக்கும் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தான், அம்மாவைத் தேடுமாம்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் நாங்களாகவே ஒரு மடத்தனம் செய்தோம். கோடையில் தண்ணீர் குறைந்தது. முறை இல்லாத நேரத்தில் மதகை யாரோ திறந்துவிடுகிறார்கள் என்று இரண்டு பக்கமும் பேச்சு வந்தது. காவலுக்கு மேட்டு ஆளைப் போட்டால் பள்ளத்துக்குச் சந்தேகம், பள்ளத்து ஆளைப் போட்டால் மேட்டுக்குச் சந்தேகம். தலைவியையே மதகுல நிறுத்திட்டா என்ன என்று மாமா கேட்டார், சித்தப்பாவும் சரியென்றார், அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனாலே ஏதோ கெடுதல் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். மதகுக் கம்பத்தில் உன்னைக் கட்டி வைத்தார்கள். கண்ணாடி வெயிலில் பளபளவென்று அடித்து உன் முறைப்பு தெரியவில்லை என்று சட்டத்திலிருந்து கண்ணாடியையும் கழற்றிவிட்டார்கள். உன் அப்பா ஒருத்தர்தான், புள்ள வெயில்ல காயுறாளே என்று குடையை எடுத்துக்கொண்டு போனார். குடை நிழலில் முகம் மறைகிறது, தண்ணீர்த் திருடனுக்குக் கண் தெரிய வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படியும் அவர் தினமும் மத்தியானம் போய், ஒருத்தரும் இல்லாத நேரம் பார்த்துக் கொஞ்ச நேரம் குடை பிடித்துவிட்டு வருவார், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கோடை முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் திருடு போகவில்லை. மழை வரப்போகிறது என்று உன்னைக் கழற்றிக் கொட்டகைக்குக் கொண்டுவந்து நாற்காலியில் வைத்துப் பார்த்தால், உன் முறைப்பைக் காணவில்லை.

வெயிலில் எல்லாரும் கறுப்பார்கள், நீ வெளுத்துப் போய்விட்டாய். புருவம் இரண்டும் மங்கித் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. இறுக்கி வைத்திருந்த உதட்டின் ஓரத்தில் நிழல் போய், பார்க்கிற பக்கமெல்லாம் சிரிக்கிற மாதிரி இருக்கிறது. உன் பல்வலியை டாக்டர் தீர்த்தது ஒரு தடவை, வெயில் தீர்த்தது இரண்டாம் தடவை. கூட்டத்தில் யாரோ, தலைவி சிரிச்சுட்டாங்க என்று கத்தினார்கள். அன்றோடு ஒழுங்கு போயிற்று. சிரிக்கிற முகத்தைப் பார்த்துக் கேட்க யாருக்குத்தான் வராது, எதை வேண்டுமானாலும் கேட்டார்கள், எல்லாம் நிறைவேறியது. தையல்காரர் தனக்கு இனிமேல் குழி முறையே வேண்டாம் என்று கேட்டார், கண்ணைத் திருப்பவே இல்லை, நிறைவேறியது. கொல்லர் கொஞ்சமாக விஷம் அடித்துக்கொள்ளக் கேட்டார், கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்க ஆளில்லை, நிறைவேறியது. சித்தப்பா மேட்டுக்கு மட்டும் இரண்டு முறை தண்ணீர் கேட்டார், மாமா பள்ளத்துக்கு மட்டும் இரண்டு முறை கேட்டார், இரண்டும் நிறைவேறின, இருக்கிறது ஒரு வாய்க்கால், எப்படி என்று தலைவியைத்தான் கேட்க வேண்டும். ஒரு கிழவர் வந்து, தன் முழங்கால் வலி போக வேண்டும் என்று கேட்டார். அதுவும் நிறைவேறியதாக எழுதிவிட்டார்கள், ஆனால் இன்னும் நொண்டிக்கொண்டுதான் வருகிறார்.

இதையெல்லாம் கூட நான் பொறுத்துக்கொள்வேன். உரக்கடைக்காரர் எழுந்தார் பார், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவருக்கு நம் கொட்டகை வேண்டும், தன் மூட்டைகளை அடுக்க. கொட்டகையைத் தனக்கு விட்டுவிட்டால் சங்கத்தில் ஆளுக்கொரு மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி தருவாராம். சிவப்பு வாளி. கையோடு ஒன்றைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடிக் காட்டினார், டப் டப் என்று, ஜனங்கள் அதையே பார்க்கிறார்கள். அவர் மூட்டை உள்ளே வந்தால் எங்கள் விதை வெளியே போக வேண்டும். விதை போனால் மறுபடி விதைக்கும் அவர் கடை, உரத்துக்கும் அவர் கடை, மறுபடி மண் டங்கென்று, உன் தம்பி கையில் வைத்திருந்தானே, அந்தப் புழுவும் போயிற்று. இதை முன்பே ஒரு தடவை கேட்டவர்தான், அப்போது நீ முறைத்த முறைப்பில், ஆகையினாலே என்பது வரைக்கும் வந்துவிட்டு இருமல் வந்து உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவை எதிரே வந்து நின்று, உன்னைப் பார்த்து அவரும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, தலைவியம்மா அவர்களே என்று ஆரம்பித்து, எண்ணெய் போட்ட சக்கரம் மாதிரி உருண்டுகொண்டே போகிறார். இன்னும் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. எழுந்து நின்று, அதெல்லாம் இருக்கட்டும், அந்த ஏணியோட ஒத்தப் படி எங்கே என்று உரக்கக் கேட்டேன்.

பிறகு என்ன, கொட்டகை பற்றிக்கொண்டது. சித்தப்பா துண்டை உதறி எழுந்தார், மாமா நாற்காலியைத் தள்ளி எழுந்தார், வரும்போதே இல்ல, இருந்துச்சு, இல்ல, இருந்துச்சு, மேடும் பள்ளமும் ஒன்றோடொன்று மோத, உரக்கடைக்காரர் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மூலையில் ஒதுங்கினார். அவர் பேசி முடிக்கவில்லை, அதனால் நிறைவேறவில்லை. கூட்டம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று. வீட்டுக்கு வந்ததும் உன் தம்பி, ஏம்மா, ஆறின புண்ணக் கீறி விட்டியே என்றான், அப்பா மட்டும் தன் பங்கு டீயில் பாதியை எனக்கு ஊற்றினார். ஆனால் பெரியவளே, கிளப்பிவிட்டது நான், இப்போது மாமாவும் சித்தப்பாவும் ஒரே வரப்பில் எதிரெதிரே வந்தால் இரண்டு பேரும் திரும்பி வந்த வழியே போகிறார்கள், வேலைக்குப் போய்ச் சேருவதில்லை. ஏணியை இன்னொரு தடவை நான் இழுக்க முடியாது, இழுத்தால் சங்கம் மேட்டுச் சங்கம், பள்ளத்துச் சங்கம் என்று இரண்டாகிவிடும். அடுத்த கூட்டத்தில் அந்த மனுஷர் பாக்கி இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டால் கொட்டகை போயிற்று.

எங்களால் ஆனதைச் செய்து பார்த்தோம். தம்பியின் மூத்தவள் படம் நன்றாக வரைவாள், பென்சிலால் புருவத்தை முட்ட வைக்கச் சொன்னோம். வரைந்து நிமிர்த்தினால் அச்சு அசலாக உன் மாமாவின் மாமியார் மாதிரி இருந்தது. தலைவி எங்க குடும்ப ஜாடை என்று பள்ளத்துக்காரர்கள் குதித்தார்கள், மேட்டுக்காரர்கள் ரப்பரோடு வந்துவிட்டார்கள், அழித்ததில் ஒரு கண் கொஞ்சம் போய், இப்போது நீ சிரிப்பதோடு கண்ணும் அடிக்கிறாய், நிலைமை முன்னைவிட மோசம். அம்மாவே உட்காரட்டுமே என்று ஒருத்தி சொன்னாள், எனக்குச் சண்டை இல்லாத வீடு எது என்று எண்ணப் போனார்கள், அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டார்கள். தம்பி போனில் நீ அனுப்பின படங்களை எல்லாம் தேடிப் பார்த்தோம். கருவிப் பெட்டியோடு லிஃப்டுக்கு மேலே நின்றுகொண்டு சிரிக்கிறாய், மாப்பிள்ளையோடு மழையில் சிரிக்கிறாய், பேரன் மெடலைக் கடித்துக்கொண்டு நிற்க நீ பின்னால் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாய். ஒன்றில்கூட உனக்கு ஒரு வலியும் இல்லை. மருமகள் என் மூக்குக் கண்ணாடியைக் கொடுத்து, அத்தை இன்னொரு தடவை பாருங்க என்றாள், பார்த்தேன், எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். சங்கத்துக்கு உதவாது, ஆனால் எனக்கு இரண்டு நாள் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

நேரில் வந்து உட்காருகிறேன் என்று கிளம்பிவிடாதே. நீ வந்தால் எனக்கு ஆகாதா என்ன, ஆனால் வந்த அன்றைக்குச் சித்தப்பா வீட்டில் முதலில் சாப்பிட்டால் மாமாவோடு சண்டை, மாமா வீட்டில் முதலில் சாப்பிட்டால் சித்தப்பாவோடு சண்டை, விதிப்படி பதவி போய்விடும். இந்தக் கூட்டம் முடியட்டும், கொட்டகை தப்பட்டும், பிறகு வா, பதவி போனால் போகிறது. இப்போதைக்கு வேண்டியது ஒரு போட்டோ. போனில் அனுப்பினால் தம்பி பார்ப்பான், நாற்காலியில் வைக்க முடியாது, அதனால் பெரிதாகக் கழுவி அட்டையில் ஒட்டி அனுப்பு, வெயிலுக்கு வெளுக்காத காகிதமாகக் கேட்டு வாங்கு. முறைப்பு நன்றாக வர வேண்டும். அதற்காக இருக்கிற பல்லைக் கெடுத்துக்கொள்ளாதே. லிஃப்ட் வரும் வரைக்கும் பொறுக்காமல் பட்டனைக் குத்திக் குத்திக் கெடுக்கிறவர்களைப் பற்றிப் போனில் சொல்வாயே, அவர்களில் ஒருத்தரை நினைத்துக்கொள். போதாவிட்டால் உரக்கடைக்காரரை நினைத்துக்கொள், மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடி, தலைவியம்மா அவர்களே என்று குழைகிறார் பார், அதை நினை, தானாக வரும்.

மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் என் ஆசியைச் சொல். நீ ஏறுகிற உயரமெல்லாம் பத்திரமாக இறங்கி வர வேண்டும், உன் கை பட்ட கயிறு ஒன்றும் அறுந்து போகக் கூடாது, உன் பிள்ளை உன்னைவிட நன்றாக இருக்க வேண்டும், நீ என்னைவிட நன்றாக இருக்க வேண்டும், அது இப்போதே அப்படித்தான் இருக்கிறது என்று படங்களில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். குளிரில் தலைக்கு ஏதாவது கட்டிக்கொள். வெளிறின போட்டோவை என்ன செய்வது என்றும் அதே கூட்டத்தில், உரக்கடைக்காரர் எழுவதற்கு முன்னாலேயே கேட்டேன், உன் எதிரே நின்று கண்ணைத் திருப்பாமல் கேட்டேன், நீயும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாய், என் வீட்டுச் சுவருக்கே திருப்பிக் கொடுப்பதென்று நிறைவேறிவிட்டது. ஆனால் புதுத் தலைவி வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் பழையவரை அனுப்ப முடியும் என்கிறார்கள். இங்கே சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது, அப்பா உன் முகத்தைப் பார்த்த பழக்க தோஷத்தில் அந்த ஆணியைப் பார்த்துத்தான் தினமும் காலையில் சட்டையைப் போட்டுக்கொள்கிறார். அதனால் மறக்காமல், நாளை என்று தள்ளாமல், புதுப் போட்டோவைத் தபாலில் போடு. அங்கே நீ எவ்வளவு சீக்கிரம் முறைக்கிறாயோ, இங்கே சிரிக்கிற நீ அவ்வளவு சீக்கிரம் வீடு வந்து சேருவாய்.

இப்படிக்கு,
சங்கத் தலைவியின் தாயார்,
உன் அம்மா.